வழக்குச் சொத்தாக வந்த பதினான்கு காளைகள்

கொம்பில் கட்டியிருந்த அட்டையை ஒரு காளை தின்றுகொண்டிருந்தது. தன் கொம்பில் இருந்ததை அல்ல, பக்கத்தில் நின்ற காளையின் கொம்பில் இருந்ததை. பழுப்பு நிற அட்டை. அதில் குற்ற எண்ணும் சொத்து எண்ணும் நான் முந்தின நாள் டைப் அடித்துக் கொடுத்தவை. கோர்ட் வளாகத்தில் பதினான்கு காளைகள் வரிசையாகக் கட்டப்பட்டிருக்க, சைக்கிள் ஸ்டாண்டு ஓரம் நின்ற வக்கீல் குமாஸ்தாக்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். காளைகளை ஓட்டிவந்த ஏட்டையா சிரிக்கவில்லை. மாட்டின் வாயிலிருந்து மிச்சத்தை உருவி எடுத்துக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தார். ஓரம் நனைந்த அந்தத் துண்டை நீட்டி, "இன்னொரு அட்டை அடிச்சுத் தாங்க தாயி. பசி, வேற ஒண்ணுமில்ல" என்றார்.

எழுபதுகளின் கடைசி அது. சங்கரன்கோவில் கோர்ட்டில் நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்து பத்து மாதம் ஆகியிருந்தது. தற்காலிக வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டித்து உத்தரவு வரவேண்டும். அதற்கு ஹெட் கிளார்க் ஒரு வரி எழுதவேண்டும். அப்பா இறந்து, என் சம்பளத்தில் அம்மாவும் இரண்டு தங்கைகளும் இருந்த காலம். ஏட்டையா ஊருக்கு வெளியே ஒரு சின்ன ஸ்டேஷனில் தலைமைக் காவலர். அது எந்த ஸ்டேஷன், அவர் பெயர் என்ன என்பதெல்லாம் இப்போது யாருக்கும் வேண்டாம். ஐம்பதைத் தாண்டிய வயது. ஒல்லியான ஆள். பெல்ட்டில் கூடுதலாக இரண்டு துளை போட்டு இறுக்கியிருப்பார். மானாவாரிக் காட்டு ஊரில் ஆடு மாடு வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர் என்பதாலேயே அந்தக் காளைகளின் பொறுப்பை அவர் தலையில் கட்டினார்கள்.

பனவடலிசத்திரம் பக்கத்து ஊர்களில் இரண்டு வருடமாக உழவு மாடுகள் களவுபோய்க்கொண்டிருந்தன. கடைசியில் ஒரு மாட்டு வியாபாரியின் தொழுவத்தில் பதினான்கு காளைகள் அகப்பட்டன. தொடையில் இருந்த பழைய சூட்டுக்குறி மேல் புதுச் சூடு போட்டிருந்தான். ஆடித்தபசு முடிந்த வாரம் அது. செய்தி கேட்டு, மாட்டைப் பறிகொடுத்த சம்சாரிகள், காட்டை உழுது பிழைக்கிறவர்கள், வண்டி கட்டி வந்தார்கள். மாட்டைப் பார்த்ததும் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதவர்களும் உண்டு. களவுபோன பொருள் கிடைத்துவிட்டது, இனி ஓட்டிக்கொண்டு போகவேண்டியதுதான் என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வியாபாரி பதினான்கு காளைக்கும் சந்தை ரசீது காட்டினான். மாடுகள் தன்னுடையவை என்று அவன் வக்கீல் மனு போட்டார். சம்சாரிகளும் மனு போட்டார்கள். விசாரித்து முடிவு செய்யும் வரை காளைகள் போலீஸ் பொறுப்பில் இருக்கவேண்டும் என்று மாஜிஸ்திரேட் உத்தரவிட்டார். அடுத்த வாரமே அவருக்கு மாற்றல் வந்தது. புது ஆள் போடும்வரை வேறொரு ஊர் மாஜிஸ்திரேட் பொறுப்பாக வெள்ளிக்கிழமை மட்டும் வந்துபோனார். அன்று ஒரு நாளில் அத்தனை வழக்கையும் கூப்பிட்டாகவேண்டும். காளை மனு கூப்பிடப்படும், வியாபாரியின் வக்கீல் எழுந்து வாய்தா கேட்பார், கிடைக்கும்.

மூன்றாவது வாய்தா அன்று ஏட்டையா என் ஜன்னல் பக்கம் நின்று தாழ்ந்த குரலில் சொன்னார்: "அவன் வாய்தா கேக்கல தாயி. மாடு சாவதுக்கு நாள் கேக்கான்."

அது வெறும் வருத்தப் பேச்சு இல்லை என்று எனக்கு மெல்லத்தான் விளங்கியது. மாடு உயிரோடு நின்றால்தான் அதன் சொந்தக்காரன் வந்து அடையாளம் காட்டமுடியும். செத்துவிட்டால் ரசீதுதான் மிச்சம். ரசீது வியாபாரியிடம் இருந்தது.

அந்த ஸ்டேஷனில் மொத்தம் இரண்டு அறை. பின்னால் ஒரு சின்ன சாமான் அறை. அதில் களவு சைக்கிள்கள், அண்டா குண்டா, நூல் பொதி, ஒரு பழைய வழக்கில் பிடித்த பருத்திக்கொட்டை மூட்டைகள். வெளியே நான்கு வேப்பமரமும் தூர்ந்துபோன கிணறும். காளைகளை வேப்பமரத்தடியில் கட்டினார்கள். தொழுவம் இல்லை, தொட்டி இல்லை. தெருவில் அலைகிற மாட்டை அடைக்கிற பட்டிக்கு ஓட்டிப் போனால், அங்கே இருந்தவர் கேஸ் மாட்டை ஏற்க வழியில்லை என்று கதவைச் சாத்திவிட்டார். திருடனைப் பிடிக்க ஆள் உண்டு, ஜீப் உண்டு, விலங்கு உண்டு. பிடித்த பொருளை வைத்துக் காப்பாற்ற ஒரு கட்டு வைக்கோலுக்குக்கூட யாரும் ஏற்பாடு செய்திருக்கவில்லை. சைக்கிள் துருப்பிடிக்கும், அவ்வளவுதான். காளைக்கு வயிறு இருக்கிறது என்பதை எந்தப் பதிவேடும் எதிர்பார்த்திருக்கவில்லை.

முதல் சில வாரம் சம்சாரிகள் சோளத்தட்டை கொண்டுவந்து போட்டார்கள். அந்த வருடம் ஆடியிலும் ஆவணியிலும் ஒரு சொட்டு மழை இல்லை. வீட்டில் மிச்சமிருக்கிற மாட்டுக்கே தட்டை இல்லாதபோது எத்தனை நாள் கொண்டுவருவார்கள்? ஒவ்வொருவராக வருவது நின்றது. ஒரு அம்மா மட்டும் நிற்கவில்லை. புருஷன் இல்லாதவள், கால் வெடித்து வெடித்துப் பிளந்திருக்கும். அவளுடைய ஒரு ஜோடி அந்தப் பதினான்கில் இருந்தது. காட்டிலிருந்து தலைச்சுமையாகப் புல்லோ தழையோ எதையாவது கொண்டுவருவாள். தன் ஜோடிக்கு மட்டும் போட்டுவிட்டுப் போகலாம். அவளால் அது முடியவில்லை. சுமையை எல்லாக் காளைக்கும் கைப்பிடி கைப்பிடியாகப் பிரித்துப் போட்டுவிட்டு வெறுங்கையோடு நிற்பாள். ஏன் இப்படிச் செய்கிறாய், உன் மாடு செத்துப்போகுமே என்று ஏட்டையா கேட்டாராம். "மத்ததும் பாக்குல்லா" என்றாளாம். இதை என்னிடம் சொல்லும்போது அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏட்டையாவின் சம்சாரம் தினமும் காலையில் இரண்டு வாளியோடு வீடு வீடாகப் போய்க் கழனித்தண்ணி வாங்கிவந்தாள். முதலில் போலீஸ் லைன் வீடுகளில், பிறகு தறி ஓடுகிற தெருக்களில். போலீஸ்காரர் பெண்டாட்டி வாளியும் கையுமாகத் திரிகிறாளே என்று சிலர் கேலி செய்தார்கள். நானே அவளை ஒருமுறை பஜாரில் பார்த்தேன். சேலை முழுக்கக் கழனி சிந்தி நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானும் அந்தப் பக்கம் பார்க்காத மாதிரி நடந்தேன்.

வாரம் ஒரு மனு எழுதிக்கொண்டு வருவார் ஏட்டையா. தீவனத்துக்கு வழி செய்யவேண்டும், அல்லது காளைகளை உரிய பத்திரத்தின் பேரில் சம்சாரிகளிடம் தற்காலிகமாக ஒப்படைக்கவேண்டும் என்று. ஹெட் கிளார்க் பென்சிலால் ஓரத்தில் ஏதாவது எழுதி என் மேஜையில் போடுவார். நான் அதைத் திருப்புக் குறிப்பாக டைப் அடிப்பேன். "இதற்கான நிதித் தலைப்பு குறிப்பிடப்படவில்லை." "உரிய வழியாக வரவில்லை." "ஏற்கெனவே நிலுவையில் உள்ள மனுவின் முடிவுக்குக் காத்திருக்கவும்." ஒவ்வொன்றின் கீழும் "உத்தரவுப்படி" என்று அடிப்பேன். யாருடைய உத்தரவுப்படி என்று நான் யோசித்ததில்லை. அந்தச் சொல் இல்லாமல் எந்தக் காகிதமும் வெளியே போகாது, அவ்வளவுதான் தெரியும். ஹெட் கிளார்க் கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். ஒரு மனுவை மாஜிஸ்திரேட் முன் வைத்து அவர் கோபப்பட்டால் அது தன் தலையில் விழும் என்று பயந்தவர். திருப்பிவிட்டால் யாரும் கோபப்படமாட்டார்கள்.

புரட்டாசித் தொடக்கத்தில் முதல் காளை செத்தது. கால்நடை டாக்டர் வந்து பார்த்துச் சான்று கொடுத்தார். காளையைப் புதைக்குமுன் தொடையில் சூட்டுக்குறி இருந்த தோலை ஒரு சாண் சதுரத்துக்கு வெட்டி எடுத்து, உப்புத் தடவிக் காயவைத்து, சாட்சியப் பொருளாகக் கோர்ட்டுக்கு அனுப்பவேண்டும் என்று சொன்னார்கள். அதை வெட்டியவர் ஏட்டையா. துணியில் சுற்றி என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார். அவிழ்க்கவேண்டாம் என்று சொன்னார். பத்து நாளில் இன்னும் மூன்று துணிப் பொட்டலங்கள் வந்தன. மீதிப் பத்துக் காளைகளில் எழுந்து நிற்கக்கூடியவை ஆறோ ஏழோ என்றார். படுத்தவற்றை மூங்கில் கொடுத்துத் தூக்கிப் புரட்டிவிட அவரும் அந்த அம்மாவும் மட்டுமே இருந்தார்கள். தன் ஜோடியில் ஒன்று படுத்துவிட்டதை அவள் அவரிடம் சொல்லக்கூட இல்லையாம். மூங்கிலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம்.

அந்த வாரத்துப் புதன்கிழமை அவர் கையால் எழுதின மனு ஒன்றைக் கொண்டுவந்து, நன்றாகத் தெரியும்படி டைப் அடித்துத் தரமுடியுமா என்று கேட்டார். சாமான் அறையில் கிடக்கிற பருத்திக்கொட்டை மூட்டைகளை, அவை கெட்டுக்கொண்டிருப்பதால், சாகக்கிடக்கும் காளைகளுக்கு வைக்க அனுமதி வேண்டும் என்ற மனு. அந்த மூட்டைகள் ஒரு லாரிக் களவு வழக்கில் பிடித்தவை. வழக்கு இழுத்துக்கொண்டே கிடந்தது. உரியவர் மூட்டையைக் கேட்டு வரவும் இல்லை. "எலி தின்னுதத யாரும் கேக்கல தாயி" என்றார். "நான் கேட்டுட்டுத்தான் எடுப்பேன். ஐயா ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

நான் அடித்துக் கொடுத்தேன். இரண்டு தவறு வந்தது. முழுப் பக்கத்தையும் மறுபடி அடித்தேன். அவர் கையெழுத்துப் போட்டு ஹெட் கிளார்க்கிடம் கொடுத்துவிட்டுப் போனார். அரை மணி நேரத்தில் அது என் மேஜைக்கு வந்துவிட்டது. ஓரத்தில் பென்சிலில்: ஒரு வழக்கின் சொத்தை இன்னொரு வழக்குக்குச் செலவழிக்க விதி இல்லை, திருப்பவும். நான் குறிப்பை அடித்து, கீழே உத்தரவுப்படி என்று அடித்து, முத்திரை போட்டு, திருப்பு மனுக்கள் கட்டில் வைத்தேன். நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. பொறுப்பு மாஜிஸ்திரேட் வருவார். கையெழுத்துக்குக் கட்டுகளை அவர் மேஜைக்குக் கொண்டுபோகிறவள் நான்தான். அந்த ஒரு காகிதத்தை எடுத்து மேலே வைத்தால் அவர் கண்ணில் பட்டிருக்கும். வியாழக்கிழமை முழுக்க அதை நினைத்துக்கொண்டிருந்தேன். என் நீட்டிப்பு உத்தரவு அந்த மாதம்தான் வரவேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை கட்டுகளைக் கொண்டுபோனேன். அந்தக் காகிதம் திருப்புக் கட்டிலேயே இருந்தது.

சாயங்காலம் ஏட்டையா வந்தார். மனுவையும் குறிப்பையும் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஐயா பாத்தாகளா தாயி?"

ஹெட் கிளார்க் தன் மேஜையிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

பார்த்தார் என்றுதான் அதற்குப் பொருள். வாயால் பொய் சொல்லவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஏட்டையா காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சரி தாயி, வாரேன் என்று படியிறங்கிப் போனார்.

மறுநாள் காலை அவர் சாமான் அறையைத் திறந்து முதல் மூட்டையைப் பிரித்தார். ஒளிக்கவில்லை. ஸ்டேஷன் நாட்குறிப்பில் தன் கையாலேயே எழுதினார்: இன்ன வழக்கின் பருத்திக்கொட்டை ஒரு மூட்டை, இன்ன வழக்கின் காளைகளுக்கு வைக்கப்பட்டது. ஒவ்வொரு மூட்டைக்கும் அப்படியே எழுதினார். அவர் சம்சாரம் ஊறவைத்து, ஆட்டுரலில் ஆட்டிப் பால் எடுத்து, படுத்த காளைகளின் வாயில் மூங்கில் குழாய் வைத்து ஊற்றினாள். அதற்குப் பிறகு ஒரு காளைகூடச் சாகவில்லை. ஐப்பசியில் மழையும் வந்தது, வேப்பமரத்தடியில் புல்லும் வந்தது. ஆனால் அந்த அம்மாவின் மானாவாரிக் காடு அந்த வருடம் உழாமலே கிடந்தது. உழ வேண்டிய மாடு ஸ்டேஷன் வாசலில் நின்றது.

கார்த்திகையில் லாரிக் களவு வழக்கு திடீரென்று கூப்பிடப்பட்டது. மூட்டைகளைக் கொண்டுவரச் சொன்னார்கள். பாதிக்கு மேல் இல்லை. ஏட்டையா அன்றே சஸ்பெண்ட் ஆனார். மற்றதெல்லாம் நாட்குறிப்பிலேயே இருந்தது. யாரும் துப்புத் துலக்கவேண்டியிருக்கவில்லை.

துறை விசாரணையில் என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். ஒரு நீள மேஜை. விசாரணை அதிகாரி, எதிரே ஏட்டையா, எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஹெட் கிளார்க். ஏட்டையா ஏற்கெனவே தன் வாக்குமூலத்தைக் கொடுத்திருந்தார். அதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். கனம் நீதிபதி அவர்கள் பார்த்து மறுத்துவிட்டது தெரிந்தும், வாயில்லாச் சீவன்கள் சாவதைப் பார்த்துக்கொண்டிருக்க மனம் வராமல், நானே பொறுப்பேற்று மூட்டையைப் பிரித்தேன் என்று எழுதியிருந்தது. விதி தெரியாமல் செய்த தவறு என்றால் சம்பள உயர்வை நிறுத்தியிருப்பார்கள். நீதிபதி மறுத்ததை மீறினார் என்றால் அது வேறு. அந்த வேறுபாடு எனக்கு அப்போதே தெரியும். அதிகாரி என்னிடம் ஒரே கேள்வி கேட்டார்: மனு திருப்பப்பட்டது அவருக்குத் தெரியுமா? தெரியும் என்றேன். கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன். எழுந்து வரும்போது ஏட்டையா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நீங்கள் உள்ளதைத்தானே சொன்னீர்கள் என்பது போல.

ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போது அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஓய்வூதியம் கிடையாது.

தை மாதம், புதிதாக வந்த மாஜிஸ்திரேட் முன்னிலையில் காளைகளை அடையாளம் காட்டச் சொன்னார்கள். வியாபாரியின் வக்கீல் ரசீதுகளை அடுக்கி வைத்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா கூட்டத்துக்குப் பின்னால் நின்றபடியே நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்தாள். பத்துக் காளையில் இரண்டு தலையைத் திருப்பி, கயிற்றை இழுத்துக்கொண்டு அவளிடம் வந்தன. மாஜிஸ்திரேட் இருக்கையிலிருந்து எழுந்து வராந்தாவுக்கே வந்து பார்த்தார். மற்ற சம்சாரிகளும் ஒவ்வொருவராகக் காட்டினார்கள். காளைகளை உரியவர்களிடம் ஒப்படைக்க உத்தரவானது; வியாபாரிக்குப் பின்னால் தண்டனையும் கிடைத்தது. காளைகளை ஓட்டிக்கொண்டு அவர்கள் வெளியேறும்போது கேட்டுக்கு வெளியே வேட்டி கட்டிய ஒல்லியான ஆள் ஒருவர் நின்றிருந்தார். காக்கி இல்லாததால் எனக்கு முதலில் தெரியவில்லை. அந்த அம்மா அவர் எதிரே நின்று, இரண்டு கயிற்றையும் ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வீட்டுக்குப் போனதும் தண்ணி காட்டு என்று மட்டும் அவர் சொன்னது கேட்டது.

எனக்கு வேலை நிரந்தரமானது. கல்யாணம் ஆனது. வேறு ஊர்களுக்கு மாற்றலாகிப் போனேன். இன்று பேப்பரைத் திறந்தால், குற்றத்தில் சேர்த்த சொத்தை முடக்கினார்கள், பறிமுதல் செய்தார்கள் என்று பெரிய பெரிய அமைப்புகளின் பெயர்கள் வருகின்றன. அதற்கென்று அதிகாரிகள், அலுவலகங்கள், கிடங்குகள். நல்லதுதான். பிடித்ததற்குப் பிறகு அதை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற ஒரு வரியைத்தான் நான் தேடுகிறேன். பெரும்பாலும் அந்த வரி இருப்பதில்லை.

எண்பதுகளின் பின்பாதியில் ஒரு கல்யாணத்துக்காக ராயகிரி போயிருந்தேன். ஏட்டையா அங்கேதான் இருக்கிறார், ஒரு அரிசி ஆலையில் காவலுக்கு இருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். முகூர்த்தம் முடிந்ததும் சாப்பிடாமல் கிளம்பி விசாரித்துக்கொண்டு போனேன். ஆலைக்குப் பின்னால் ஓட்டு வீடு. மத்தியான வெயில். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பார்வை மங்கியிருந்தது, குரலை வைத்துத்தான் என்னைக் கண்டுகொண்டார். கோர்ட்டுத் தாயில்லா என்று எழுந்திருக்கப் பார்த்தார். அவர் சம்சாரம் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனாள்.

"அவ அப்பிடித்தான்" என்றார் ஏட்டையா. "வேலை போன அன்னைக்கு ஒண்ணு கேட்டா. நீதிபதியே வேண்டாம்னு சொன்னத ஊரான் மாட்டுக்காக ஏன் செஞ்சியன்னு. அதுக்கப்புறம் பேச்சு கொறஞ்சு போச்சு."

அதைக் கேட்ட பிறகு, சொல்ல வந்ததைச் சொல்ல எனக்குத் தனியாகத் தைரியம் தேவைப்படவில்லை. "ஏட்டையா, அந்த மனுவ மாஜிஸ்திரேட் பாக்கவே இல்ல" என்றேன். "அவர் முன்னால நான் வைக்கவே இல்ல. பாத்தாருன்னு நான் தலையாட்டினது பொய்."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். கட்டிலின் விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

"அப்பம் அவுக வேண்டாம்னு சொல்லலியா?"

"சொல்லல."

"பாத்திருந்தா குடுத்திருப்பாகளோ?"

"குடுத்திருப்பாரு ஏட்டையா" என்றேன். அது எனக்குத் தெரியாது. ஆனாலும் சொன்னேன்.

அவர் உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏட்டி, இங்கன வா." அவள் வந்து நிலைப்படியில் நின்றாள். தலை முழுக்க நரைத்திருந்தது. அவர் அவளைப் பார்க்காமல் என் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே சொன்னார்.

"இவ கேக்கட்டும். இன்னொரு தடவ சொல்லுங்க தாயி."

நான் எழுந்து நின்று, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.